முதல் வின்டரில் கார் ஓட்டப் போகிறீர்களா? ரொறன்ரோவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நொவெம்பர் பிறந்தால் என் ஃபோனுக்கு ஓய்வில்லை. ஊரிலிருந்து வந்து ஒரு வருடம் கூட ஆகாத ஒருவர், ஜி2 லைசென்ஸ் எடுத்து, பழைய கொரோலா ஒன்று வாங்கி, கோடை முழுக்க ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் இடையில் ராசா மாதிரி ஓடித் திரிந்திருப்பார். முதல் ஸ்னோ கொட்டிய இரவு எடுப்பார்: "அண்ணை, விடிய ஆறு மணிக்கு வேலை, காரை எடுக்கலாமோ?" ஒவ்வொரு வருடமும் அதே கேள்விகள், அதே பதில்கள். சரி, ஒரேயடியாக எழுதி வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

நான் கார் பழக்குகிற மாஸ்டர் இல்லை. ஒன்ராறியோவில் 20 வின்டருக்கு மேல் ஓடியவன், அதில் ஆறு வருடம் இரவில் டெலிவரி வான். ஒரு தரம் அடிபட்டும் இருக்கிறேன், அந்தக் கதை கீழே வரும். ஸ்னோவில் காரை ஓட வைப்பது பெரிய வேலை இல்லை, நிற்பாட்டுவதுதான் வேலை. கீழே உள்ள எல்லாமே சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

ஸ்னோ ரயர் கட்டாயம் போட வேண்டுமா? காரோடு வந்த ஆல்-சீசன் ரயர் காணாதா?

ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயமில்லை. பக்கத்து கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம். அங்கே சட்டமாக வைத்திருப்பதை இங்கே நம் விருப்பத்துக்கு விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். பனி இரண்டு பக்கமும் ஒரே பனிதான்.

பலர் நினைப்பது, ஸ்னோ ரயர் என்றால் ஆழமான வெட்டுகள் உள்ள ரயர், ஸ்னோவைப் பிடிக்கும், ஸ்னோ இல்லாத நாளில் தேவையில்லை என்று. வெட்டு மட்டுமில்லை, றப்பரும் வேறு. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆல்-சீசன் ரயரின் றப்பர் இறுகத் தொடங்கும். ஃபிரிட்ஜுக்குள் வைத்த ரப்பர் செருப்பை எடுத்து மடித்துப் பாருங்கள், அந்த விறைப்புத்தான். விறைத்த றப்பர் வீதியில் ஒட்டாது, வீதி காய்ந்திருந்தாலும் சரி. ஸ்னோ ரயரின் றப்பர் மைனஸ் 20 இலும் இளகி நிற்கும். அதனால் "இந்த வருடம் ஸ்னோ குறைவாம்" என்று காசைச் சேமிக்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: ஸ்னோவைப் பார்க்காதீர்கள், குளிரைப் பாருங்கள்.

வாங்கும்போது ரயரின் பக்கவாட்டில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் உள்ள அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். எம் பிளஸ் எஸ் (M+S) என்று மட்டும் போட்டிருந்தால் அது வெட்டின் வடிவத்தைச் சொல்கிறதே தவிர, ஸ்னோவில் சோதித்துத் தேறியதைச் சொல்லவில்லை. ஆல்-வெதர் என்று ஒன்று விற்கிறார்கள், பெயர் ஆல்-சீசன் மாதிரி இருந்தாலும் அதில் அந்தப் பனிப்பூ அடையாளம் இருக்கும். நகரத்துக்குள் மட்டும் ஓடுபவருக்கு, வருடம் இரண்டு தரம் மாற்ற அலுப்புப்படுபவருக்கு அது பரவாயில்லை. வடக்கே பரி பக்கமோ சட்பரி பக்கமோ போய் வருபவர் உண்மையான ஸ்னோ ரயரே போடட்டும்.

நாலும் போடுங்கள். "முன் சில்லுதானே இழுக்குது, இரண்டு காணும்" என்று போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். முன்பக்கம் நன்றாகப் பிடித்தது, வளைவில் பின்பக்கம் தன்பாட்டில் சுற்றி முன்னுக்கு வந்தது. பழைய ரயர் வாங்கினால் வெட்டின் ஆழம் 4 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் ஸ்னோவில் அது வெறும் றப்பர் வளையம்.

இன்னொரு விஷயம், ஒன்ராறியோவில் 2016 ஜனவரியிலிருந்து ஸ்னோ ரயர் போட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பனி கழிவு கொடுத்தாக வேண்டும். அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் ஃபோன் எடுத்துக் கேட்க வேண்டும். பெரிய காசில்லை, ஆனாலும் உங்கள் காசு.

எப்போது மாற்றுவது?

இரவுக் குளிர் தொடர்ந்து 7 பாகைக்குக் கீழே போகத் தொடங்கும்போது, ரொறன்ரோவில் அது ஒக்டோபர் கடைசி, நொவெம்பர் தொடக்கம். முதல் ஸ்னோ விழுந்த பிறகு கராஜுக்கு ஃபோன் எடுத்தால் இரண்டு கிழமைக்கு இடமில்லை என்பார்கள். கழற்றுவது ஏப்ரல் நடுவில். ஏப்ரலிலும் ஒரு நாள் கொட்டும், அதை நம்பாதீர்கள்.

மாற்றும்போதே காற்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு பாகை குளிர்ந்தால் ஒரு பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று இறங்கும். 15 பாகையில் அடித்த ரயர் மைனஸ் 15 வரும்போது ஐந்து பிஎஸ்ஐ குறைவாக நிற்கும். ஜனவரி காலையில் டாஷ்போர்டில் அந்த மஞ்சள் லைற் எரிவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், ரயர் ஓட்டையாகவில்லை.

என்னுடையது ஆல்-வீல் டிரைவ் எஸ்யூவி. எனக்குமா இதெல்லாம்?

உங்களுக்குத்தான் முதலில். நாலு சில்லும் இழுப்பதால் லைற் பச்சையாகும்போது மற்றவர்கள் சில்லைச் சுற்றிக்கொண்டு நிற்க நீங்கள் போய்விடுவீர்கள். ஆனால் எல்லாக் காரிலும் பிரேக் நாலு சில்லுக்கும்தான். நிற்கிற விஷயத்தில் உங்கள் 60 ஆயிரம் டொலர் வாகனத்துக்கும் என் பழைய சிவிக்குக்கும் எந்தச் சலுகை வித்தியாசமும் இல்லை, உங்களுடையது பாரம் வேறு. ஸ்னோ நாளில் ஹைவே 401 இன் ஓரப் பள்ளத்தில் மூக்குக் குத்தி நிற்பதைப் பாருங்கள், எத்தனை எஸ்யூவி என்று எண்ணலாம்.

காலையில் காரை எடுக்க முன் என்ன செய்ய வேண்டும்?

பதினைந்து நிமிடம் முந்தி எழும்ப வேண்டும். சிரிக்காதீர்கள், அதுதான் முதல் வேலை. ஸ்னோ நாளில் நடக்கிற பாதி விபத்து வீட்டு வாசலிலேயே, அவசரத்தில் தொடங்குகிறது என்பது என் எண்ணம்.

முதலில் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். வீதியில் ஸ்னோ தள்ளுகிற பிளவ் லொறி ஒதுக்கிய ஸ்னோ அதை அடைத்திருந்தால் எஞ்சினைப் போட முன் கிண்டி எடுங்கள், இல்லாவிட்டால் புகை உள்ளே வரும். பிறகு எஞ்சினைப் போட்டு, முன்கண்ணாடிக்குச் சூட்டைத் திருப்பிவிட்டு, வெளியே நின்று துடையுங்கள். கராஜுக்குள் வைத்துச் சூடேற்ற வேண்டாம், கதவு திறந்திருந்தாலும் வேண்டாம்.

கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். முன்கண்ணாடியில் ஒரு கடிதத்தின் அளவுக்கு ஓட்டை சுரண்டி, அதற்குள்ளால் எட்டிப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டு போகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். யுத்தத் தாங்கி ஓட்டுகிறார்கள் என்று நினைப்பு. கண்ணாடிகள் தெளிவாக இல்லாமல் ஓடினால் பொலிஸ் டிக்கெட் எழுதும். கூரையைத் துடைக்காமல் விட்டால் வேறு பிரச்சினை: உள்ளே ஹீற்றர் சூட்டில் அடியில் உள்ள ஸ்னோ இளகும், முதல் சிக்னலில் நீங்கள் பிரேக் பிடிக்க முழுப் பாளமும் வழுக்கி முன்கண்ணாடியில் விழும், வைப்பர் அதைத் தூக்காது. ஹைவேயில் என்றால் அது பின்னால் வருபவரின் கண்ணாடிக்குப் பறக்கும்.

வெந்நீர் ஊற்றாதீர்கள். ஊரில் இருந்து வந்த புதிதில் கேத்தலைத் தூக்கிக்கொண்டு ஓடாத ஆட்கள் குறைவு. விறைத்த கண்ணாடியில் சுடுதண்ணி பட்டால் வெடிக்கும். வெடிக்காவிட்டாலும் இரண்டு நிமிடத்தில் அந்தத் தண்ணீரே ஐஸாகும்.

வைப்பர் தண்ணீர் மைனஸ் 40 வரைக்கும் உறையாதது என்று போத்தலில் எழுதியிருக்கும், அதை ஊற்றுங்கள். கோடைத் தண்ணீர் தாங்கியில் மிச்சமிருந்தால் அடித்து முடித்துவிட்டு ஊற்றுங்கள். உப்பு வீதியில் முன்னால் போகிற லொறி தெளிக்கிற சேற்றைத் துடைக்க ஒரு நாளைக்கு அரைப் போத்தல் போகும், டிக்கியில் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

லைற்றைக் கையால் போடுங்கள். பகலில் தானாக எரிகிற முன் லைற் உண்டு, அதைப் பார்த்து எல்லாம் எரிகிறது என்று நினைத்துவிடுவோம். பல கார்களில், முக்கியமாகக் கொஞ்சம் பழசுகளில், அப்போது பின் லைற் எரியாது. கொட்டுகிற ஸ்னோவில் வெள்ளைக் கார், பின்னால் ஒரு சிவப்புப் பொட்டும் இல்லை என்றால் உங்களை யாருக்குத் தெரியும்?

சப்பாத்தைத் தட்டிவிட்டு ஏறுங்கள். அடியில் ஒட்டிய ஸ்னோ பெடலில் இருந்து காலை வழுக்க வைக்கும்.

கண்ணாடி உள்பக்கம் புகார் (ஈர ஆவி) பிடிக்கிறது, எவ்வளவு துடைத்தாலும் திரும்ப வருகிறது.

உள்காற்றையே சுற்றவிடுகிற பட்டன் அமர்ந்திருக்கும், அதை எடுத்துவிடுங்கள். ஹீற்றரோடு ஏசியையும் போடுங்கள். ஆம், வின்டரில் ஏசி. அது காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும்.

முன் காருக்கும் எனக்கும் எவ்வளவு இடைவெளி?

மீற்றரில் கணக்குப் பார்க்க முடியாது, செக்கனில் பாருங்கள். முன்னால் போகிறவர் ஒரு கம்பத்தைத் தாண்டும்போது எண்ணத் தொடங்குங்கள், நீங்கள் அந்தக் கம்பத்துக்கு வர எத்தனை. கோடையில் இரண்டு செக்கன் என்று ஜி1 புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஸ்னோவில் நாலுக்குக் குறையக்கூடாது, ஐஸ் என்றால் இன்னும் கூட. 60 இல் போகும்போது நாலு செக்கன் என்றால் 65 மீற்றருக்கு மேல் வரும். அந்த இடைவெளியைப் பார்த்ததும் யாராவது ஒருவர் அதற்குள் புகுவார். புகட்டும். காஸ் பெடலில் இருந்து காலைக் கொஞ்சம் எடுத்து இன்னொரு நாலு செக்கன் உண்டாக்குங்கள். மார்க்கம் ரோட்டில் ஒரு காலையில் ஆறு பேர் புகுந்தாலும் நீங்கள் வேலைக்கு ஒரு நிமிடம் பிந்தித்தான் போவீர்கள்.

வேகத்தைப் பாதியாக்கினால் நிற்பதற்கான பிரேக் தூரம் கால்வாசியாகும். ஸ்னோவில் நமக்குச் சாதகமாக இருக்கிற ஒரே கணக்கு இதுதான்.

வேகத்தைத் தானாகவே பிடித்து வைத்திருக்கிற குரூஸ் கொன்ட்ரோலைத் தொடாதீர்கள். ஈரம், ஸ்னோ, ஐஸ் எதிலும்.

பிரேக் மிதிக்கும்போது காலுக்கடியில் கடகடவென்று அடிக்கிறது. பிரேக் பழுதா?

இல்லை, அதுதான் ஏபிஎஸ். இங்கேதான் என் கதை வருகிறது. இரண்டாவது வின்டர், ஃபிஞ்ச் வீதியில், நேரம் இரவு பத்தரை. 40 இல்தான் வந்தேன். லைற் மஞ்சளானது, முன்னால் இருந்த கார் நின்றது, நானும் மிதித்தேன். பெடல் காலுக்கடியில் உயிருள்ள மீன் மாதிரித் துடித்தது, கூடவே கரகரவென்று சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். எடுத்த அந்த ஒரு செக்கனில் கார் விட்டுப் போட்டு வழுக்கி, மெல்ல, மிக மெல்ல, கண்ணுக்கு முன்னாலேயே போய் முன் காரின் பம்பரில் டொக் என்று இடித்தது. ஒருவருக்கும் காயமில்லை. அந்தக் காரில் இருந்து இறங்கிய வயதான வெள்ளைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு "முதல் வின்டரா?" என்றுதான் கேட்டார். இரண்டாவது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அந்தத் துடிப்பு, சில்லு இறுகி வழுக்காமல் இருக்க ஒரு செக்கனுக்குப் பல தரம் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுகிற வேலை. ஊரில் பழைய வண்டியில் பழகியவர்கள் காலால் விட்டு விட்டு மிதிப்பார்கள், ஏபிஎஸ் உள்ள காரில் அப்படிச் செய்யக்கூடாது. இறுக்கி மிதியுங்கள், துடித்தாலும் விடாமல் வைத்திருங்கள், ஸ்ரியரிங் அப்போதும் நீங்கள் திருப்பும் பக்கம் திரும்பும். ஏபிஎஸ்ஸின் பெரிய உதவியே அதுதான், இடிக்காமல் ஒரு பக்கத்துக்கு விலகலாம். தூரத்தைக் குறைக்கும் என்று நம்பாதீர்கள், இளகிய ஸ்னோவில் சில வேளை கூடவும் செய்யும்.

கார் சறுக்கத் தொடங்கினால்?

காஸில் இருந்து காலை எடுங்கள். போக வேண்டிய பக்கத்தைப் பாருங்கள், இடிக்கப் போகிற கம்பத்தைப் பார்க்காதீர்கள், கண் போகிற பக்கம்தான் கை போகும். அந்தப் பக்கத்துக்கு ஸ்ரியரிங்கை மெதுவாகத் திருப்புங்கள். பின்பக்கம் இடப்புறம் வழுக்கினால் ஸ்ரியரிங் இடப்புறம், வலப்புறம் வழுக்கினால் வலப்புறம். பிடிப்புத் திரும்பி வந்ததும் உடனே நேராக்க வேண்டும், பிந்தினால் மற்றப் பக்கம் வீசும்.

முன்பக்கம் வழுக்குவது வேறு: நீங்கள் திருப்புகிறீர்கள், கார் நேரே போகிறது. அப்போது இன்னும் இன்னும் திருப்புவதால் பயனில்லை. காஸை விட்டு, ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் நேராக்கி, சில்லு பிடிக்கும் வரை பொறுத்துத் திரும்பத் திருப்புங்கள்.

வாசித்தால் விளங்காது, உடம்புக்குத் தெரிய வேண்டும். முதல் நல்ல ஸ்னோ விழுந்ததும் ஞாயிறு காலை, ஆளில்லாத பார்க்கிங் லொட் ஒன்றுக்கு, உரியவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். 20 இல் ஓட்டி முழுப் பலத்தோடு பிரேக்கை மிதியுங்கள், அந்தத் துடிப்பைக் காலுக்கு அறிமுகப்படுத்துங்கள். 30 இலும் ஒருக்கா. எவ்வளவு தூரம் போய் நிற்கிறது என்று இறங்கி நடந்து பாருங்கள், முகம் மாறும். வட்டமடித்துக் காட்டுகிற வேலை வேண்டாம், பொலிஸ் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது.

பிளாக் ஐஸ் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அது கறுப்பில்லை, கண்ணாடி. மெல்லிய ஐஸ் படலம், அடியில் உள்ள தார் தெரிவதால் கறுப்பாகத் தோன்றுகிறது. ஈர வீதி மாதிரியே இருக்கும். ஒரு சின்னச் சூத்திரம்: வெப்பநிலை பூச்சியத்துக்குக் கிட்ட, வீதி ஈரமாக மினுங்குகிறது, ஆனால் முன்னால் போகிற காரின் சில்லில் இருந்து தண்ணீர் தெறிக்கவில்லை. அப்படியென்றால் அது தண்ணீர் இல்லை.

எங்கே வரும்? பாலங்களிலும் மேம்பாலங்களிலும் முதலில். நிலத்தில் கிடக்கிற வீதிக்கு அடியில் மண்ணின் சூடு இருக்கும், பாலத்துக்கு மேலும் கீழும் குளிர்காற்றுத்தான். கார்டினர் மாதிரித் தூணில் நிற்கிற வீதி, 401 இல் இருந்து 404 க்கு ஏறுகிற ராம்ப் எல்லாம் இந்தக் கணக்கில்தான். பிறகு, பகலில் வெயில் படாத நிழல் திருப்பங்கள். பிறகு, யாரும் எதிர்பாராத இடம், சிக்னல் சந்தி: நாள் முழுக்க நின்று நின்று கிளம்புகிற சில்லுகள் ஸ்னோவை அழுத்தி மினுக்கி வைத்திருக்கும்.

புதிதாக வந்தவர்கள் மைனஸ் 20 என்றால் பயப்படுவார்கள், பூச்சியம் என்றால் "இன்றைக்குப் பரவாயில்லை" என்பார்கள். எனக்குத் தலைகீழ். கடுங்குளிரில் ஐஸ் காய்ந்திருக்கும், கொஞ்சமாவது பிடிக்கும். பூச்சியத்தில் ஐஸுக்கு மேல் மெல்லிய தண்ணீர், அதைவிட வழுக்கலான ஒன்று வீதியில் கிடையாது. பகலில் 2 பாகையில் உருகி, பின்னேரம் ஐந்து மணிக்குச் சூரியன் போனதும் திரும்ப உறைகிற நாள்தான் என் மனதில் கெட்ட நாள்.

அதற்காக மைனஸ் 20 நல்ல நாளுமில்லை, ஏனென்றால் உப்பு வேலை செய்யாது. வீதிக்குப் போடுகிற சாதாரண உப்பு மைனஸ் பத்துக்குக் கிட்டவே மந்தமாகிவிடும், மைனஸ் 18 அளவில் கல் மாதிரிக் கிடக்கும். "உப்புப் போட்டிருக்கிறார்கள்தானே" என்று சொல்ல முன் தெர்மோமீற்றரைப் பாருங்கள்.

உறைமழை (விழுந்ததும் ஐஸாகிற மழை) அறிவிப்பு வந்தால்? காரை எடுக்காதீர்கள். அதற்கு ஸ்னோ ரயரும் இல்லை, திறமையும் இல்லை.

நீல லைற் அடிக்கிற பிளவ் லொறியை முந்தலாமா?

வேண்டாம். அதன் முன்னால் உள்ள வீதி துப்புரவாக்காத வீதி, அங்கே போய் என்ன செய்யப் போகிறீர்கள்? 401 இல் மூன்று நாலு பிளவ் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்வாகப் போகும், இடையில் புகுந்து ஓட ஆசை வரும், ஆனால் அதன் பக்க அலகு பக்கத்து லேனுக்குள் நீண்டிருக்கும், கிளம்புகிற ஸ்னோப் புகையில் அது தெரியாது. பின்னால் நல்ல இடைவெளி விட்டுப் போனால் உங்களுக்கென்றே வீதி துப்புரவாக்கித் தருகிறார்கள்.

பரி பக்கம் போக வேண்டும். ரொறன்ரோவில் நல்ல வெயில். போகலாமா?

ரொறன்ரோ வெயிலை வைத்து ஹைவே 400 ஐ முடிவுசெய்ய முடியாது. உறையாத ஜோர்ஜியன் குடாவின் மேலால் வருகிற குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பட்டை பட்டையாகக் கொட்டும். ஸ்னோ ஸ்குவால் என்பது இதுதான். ஒரு பட்டைக்கு வெளியே நீல வானம், இரண்டு கிலோமீற்றர் தள்ளி உள்ளே போனால் சொந்தக் காரின் மூக்குத் தெரியாது. சுவருக்குள் நுழைகிற மாதிரி. 2014 பெப்ரவரி கடைசியில் பரிக்குத் தெற்கே இப்படி ஒரு நாளில்தான் 90 க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

வெளிக்கிட முன் 511 ஒன்ராறியோவில் வீதி நிலவரத்தைப் பாருங்கள், ஃபோனில் 511 அடித்தாலும் சொல்லும். ஸ்குவாலுக்குள் அகப்பட்டால் முதலில் வேகத்தைக் குறைத்து, முன் லைற்றை லோ பீமில் போட்டு, அடுத்த எக்ஸிற்றில் இறங்கி, ஒரு டிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக் கடையில் குந்தியிருங்கள். ஹை பீம் போட்டால் கொட்டுகிற ஸ்னோவில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். ஹைவே நடுவில் மட்டும் நிற்பாட்ட வேண்டாம், ஓரத்திலும் முடிந்தவரை வேண்டாம், பின்னால் வருபவர் உங்கள் லைற்றைப் பார்த்து அதுதான் லேன் என்று நினைத்து வருவார்.

வழியில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

2010 டிசெம்பரில் சார்னியாவுக்குப் பக்கத்தில் ஹைவே 402 இல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் ஸ்னோவில் புதைந்து, சிலர் ஒரு நாளுக்கு மேல் காருக்குள்ளேயே கிடந்தார்கள். இராணுவ ஹெலிகொப்டர் வந்துதான் மீட்டது. அது துருவப் பிரதேசம் இல்லை, தென் ஒன்ராறியோ, பலர் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள்.

காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள். தேடுபவர்களுக்குக் கார் தெரியும், ஆள் தெரியாது. எஞ்சினை மணிக்குப் பத்து நிமிடம் அளவில் மட்டும் போடுங்கள், ஒவ்வொரு தரமும் புகைக்குழாயைக் கிண்டிவிட்டுப் போடுங்கள், காற்று வராத பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நித்திரை வருகிற மாதிரித்தான் இருக்கும்.

பெற்றோல் தாங்கி அரைவாசிக்குக் கீழே போக விடாதீர்கள். டிக்கியில் என்ன வைப்பது என்று பட்டியல் கேட்பார்கள், என் டிக்கியில் இருப்பதைச் சொல்கிறேன்: சின்னச் சவள் ஒன்று, ஒரு பை பூனை மண் (வீட்டுப் பூனை மலசலம் கழிக்க வைக்கிற மண், கட்டியாகாத மலிவு வகை, சுழல்கிற சில்லுக்கு அடியில் கொட்டினால் பிடிக்கும்), ஜம்பர் கேபிள், பழைய கம்பளி இரண்டு, ரோர்ச், ஆழமான ரின்னுக்குள் மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும், தண்ணீர், ஒரு பெரிய பை மிக்சர். மிக்சர் மட்டும் அவசரத்துக்கு முந்தியே முடிந்துவிடும்.

பிள்ளையை வின்டர் ஜாக்கெட்டோடு கார் சீற்றில் கட்டலாமா?

கூடாது, இதை அம்மம்மாமார் எவ்வளவு சத்தம் போட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தடித்த ஜாக்கெட்டுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. இடிபடும்போது அது நசுங்கி, பட்டிக்கும் பிள்ளைக்கும் இடையில் இடைவெளி விழும், பிள்ளை பட்டியில் இருந்து வழுகி வெளியே போகலாம். வீட்டில் செய்து பாருங்கள்: ஜாக்கெட்டோடு சீற்றில் வைத்துப் பட்டியை இறுக்குங்கள், பட்டியின் நீளத்தை மாற்றாமல் பிள்ளையை எடுத்து, ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்ப வையுங்கள். தோளில் எவ்வளவு தொய்வு என்று தெரியும். மெல்லிய ஸ்வெற்றரோடு கட்டி, அதற்கு மேலால் ஜாக்கெட்டையோ கம்பளியையோ போர்த்திவிடுங்கள்.

மின்சாரக் கார் வின்டரில் சரிவருமா?

சரிவரும், தூரம் குறையும். கடுங்குளிரில் ஹீற்றரோடு மூன்றில் ஒரு பங்கு வரை போகலாம் என்று வைத்துத் திட்டமிடுங்கள். வீட்டில் வயரில் இருக்கும்போதே காரைச் சூடாக்கிவிட்டு வெளிக்கிடுங்கள். காலை எடுத்ததும் தானாக இழுத்துப் பிடிக்கிற பிரேக்கை வழுக்கல் நாளில் குறைத்து வையுங்கள், ஐஸில் அது பிடிக்கிற பிடியிலேயே சறுக்கும்.

அடிபட்டால் "ஸ்னோதானே, என் பிழை இல்லை" என்று இன்சூரன்ஸுக்குச் சொல்லலாமா?

சொல்லலாம், எடுபடாது. ஒன்ராறியோவில் யார் பிழை என்று தீர்மானிக்க ஒரு ஒழுங்குவிதியே இருக்கிறது, அதில் காலநிலையையும் வீதி நிலையையும் கணக்கில் எடுக்கக்கூடாது என்று நேராகவே எழுதியிருக்கிறது. அதே லேனில் பின்னால் இருந்து இடித்தால் பின்னால் வந்தவர் பிழை, நூறு வீதம். ஃபிஞ்ச் வீதியில் 40 இல் வந்து, ஐஸில் வழுக்கி, டொக் என்று ஒரு பம்பரைத் தொட்டதற்கு நான் அடுத்த ஆறு வருடம் கூடுதலாகக் கட்டினேன். ஸ்னோ ரயர் நாலு வாங்கியிருந்தால் முதல் வருடக் காசிலேயே முடிந்திருக்கும்.

எந்த நாளில் ஓடவே கூடாது?

உறைமழை நாளைச் சொல்லிவிட்டேன். அடுத்தது, கொட்டிக்கொண்டிருக்கும் நேரம். 2022 ஜனவரி 17 காலையில் ரொறன்ரோவின் சில பகுதிகளில் அரை மீற்றர் கொட்டியது, கார்டினரையும் டொன் வலி பார்க்வேயையும் மூடினார்கள், பஸ்கள் நடுவீதியில் நின்றன. அன்று என் மேலாளருக்கு "வர முடியாது" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், "நானும்தான்" என்று பதில் வந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் லீவு சொல்லப் பயப்படுவது விளங்குகிறது, எனக்கும் இருந்த பயம்தான். ஆனால் பிளவ் இரண்டு தரம் போய் வரட்டும், உப்பு வேலை செய்யட்டும், பத்து மணிக்குப் போங்கள். நாலு மணித்தியாலச் சம்பளம் ஒரு பம்பரின் விலைக்குக் கிட்டவும் வராது.

இந்தக் குளிரில் காரைக் கழுவ வேண்டுமா?

வேண்டும், உப்பு அடித்தட்டைத் தின்னும். பூச்சியத்துக்கு மேலே போகிற ஒரு நாளாகப் பார்த்து அடிப்பக்கமும் கழுவுகிற இடத்துக்குக் கொண்டுபோங்கள். முடிந்ததும் நாலு கதவையும் திறந்து றப்பர் விளிம்பைத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு தரம் இதை மறந்து, அடுத்த நாள் கதவு நாலும் ஒட்டிக்கொண்டு, நான் டிக்கியால் ஏறி ஊர்ந்து முன் சீற்றுக்குப் போனதை எதிர்வீட்டுப் பாட்டி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார், இன்றைக்கும் கண்டால் கேட்பார்.